கைக்கு எட்டும் காற்று

கடலில் 30 மீட்டர் ஆழத்தில் ஒருவர் அசையாமல் மிதந்துகொண்டிருக்கிறார். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அவர் அணிந்திருக்கும் ஜாக்கெட்டுக்குள் 4 லிட்டர் காற்று இருக்கிறது. அவரை அந்த ஆழத்தில் நிறுத்தி வைத்திருப்பது அந்தக் காற்றுதான். இப்போது அவர் மேலே கிளம்புகிறார். 20 மீட்டருக்கு வரும்போது 4 லிட்டர், ஏறக்குறைய 5.3 லிட்டர் ஆகிவிடும். 10 மீட்டரில் 8 லிட்டர். வழியில் எங்கும் காற்றை வெளியேற்றாவிட்டால் நீர்மட்டத்தில் அது 16 லிட்டர். இத்தனைக்கும் புதிதாகக் கொஞ்சம் காற்றுகூட ஜாக்கெட்டுக்குள் போகவில்லை. சுற்றியிருக்கும் நீரின் அழுத்தம் குறையக் குறைய, உள்ளே இருந்த காற்றே விரிந்திருக்கிறது.

1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் பாதியானால் காற்றின் கன அளவு இரட்டிப்பாகும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் 4 வளிமண்டலம், 10 மீட்டரில் 2, நீர்மட்டத்தில் 1. இதோடு ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து புரியும். ஜாக்கெட் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு லிட்டர் இடமும் சுமார் ஒரு கிலோ எடையை மேலே தூக்கும். காற்று விரிந்தால் ஆளைத் தூக்கும். ஆள் மேலே போனால் காற்று இன்னும் விரியும். விரிந்த காற்று இன்னும் வேகமாகத் தூக்கும். 30 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரும்வரை நடந்த அதே இரட்டிப்பு, கடைசி 10 மீட்டருக்குள் மறுபடி நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் நீர்மட்டத்துக்கு மிக அருகில் வந்துவிட்டோம் என்று மனம் நிம்மதி அடையும் அந்தக் கடைசிப் பகுதிதான் கட்டுப்பாடு மிக எளிதில் நழுவும் பகுதி.

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது இன்று பல பயிற்சிகளில் சொல்லித்தரப்படும் வேகம். அதை மீறி வேகமாக ஏறுபவர் மூச்சையும் அடக்கிக்கொண்டால், ஜாக்கெட்டில் நடப்பது நுரையீரலுக்குள்ளும் நடக்கும். நுரையீரல் திசு கிழிந்து காற்று இரத்தத்தில் கலக்கலாம். திசுக்களில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து அழுத்தக் குறைவு நோயும் வரலாம்.

இதைத் தடுக்க அந்த முக்குளிப்பாளர் செய்ய வேண்டிய வேலை மிகச் சிறியது. ஜாக்கெட்டிலிருந்து கொஞ்சம் காற்றை வெளியே விட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் அதை, குளிரில் மரத்துப்போன விரல் சரியான நொடியில் கண்டுபிடிக்குமா? முக்குளிப்புக் கருவிகளின் பாதுகாப்பு பெருமளவு இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

கட்டுப்பாடு யார் கையில்?

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் ஒரு கல்லின் துணையோடு இறங்கினார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்துக்கொண்டால் சில நொடிகளில் கடலடி வந்துவிடும். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பி சேர்த்தபின் கயிற்றைச் சுண்டி அடையாளம் காட்டினால் குளித்தவரையும் அவரே இழுப்பார். இறங்குவதும் ஏறுவதும் கல்லின் எடையாலும் படகில் இருந்தவரின் கைகளாலும் தீர்மானமாயின. நீருக்குள் இருந்தவரிடம் மிதப்பைக் கூட்டிக் குறைக்க எந்தக் கருவியும் இல்லை.

1830-களின் இறுதியில் லண்டனில் அகஸ்டஸ் சீபே உருவாக்கிய மூடிய தலைக்கவச உடை இந்த நிலையை மாற்றியது. மேலிருந்து குழாய் வழியே வந்த காற்று உடைக்குள் நிரம்பியது. உடைக்குள் எவ்வளவு காற்றை வைத்துக்கொள்வது என்பதைக் கவசத்தில் இருந்த வெளியேற்று வால்வைக் கொண்டு முக்குளிப்பவரே தீர்மானிக்க முடிந்தது. முதல் முறையாக மிதப்பின் கடிவாளம் அவர் உடம்புக்கே வந்து சேர்ந்தது. அதோடு புதியதோர் ஆபத்தும் வந்தது. காற்று அளவுக்கு மீறி நிரம்பினால் உடை பலூனாக உப்பும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து விறைத்துக்கொள்ளும். முழங்கையை மடக்க முடியாது. காற்றைக் குறைக்கும் வால்வு தலைக்கவசத்தில் இருக்க, அதைத் தொடக் கை மடங்காது. அடியில் இருந்தவர் கட்டுப்பாடில்லாமல் நீர்மட்டத்துக்குத் தூக்கி எறியப்படுவார்.

வால்வு பழுதில்லாமல் இருந்தும் பயனில்லாமல் போன நிலை இது. எந்தக் கோளாறைச் சரிசெய்ய அந்த வால்வு வைக்கப்பட்டதோ, அதே கோளாறு அதைக் கைக்கு எட்டாமல் செய்துவிட்டது. அமெரிக்கக் கடற்படை 1916 முதல் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய மார்க் 5 தலைக்கவசத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வெளியேற்று வால்வின் உட்புறத்தில் ஒரு பொத்தான். முக்குளிப்பவர் தலையைத் திருப்பி முகவாயால் அதை அழுத்திக் காற்றை வெளியேற்றலாம். கைகள் வேலையில் இருந்தாலும் விறைத்துப்போனாலும் முகவாய் அங்கேதான் இருக்கும். கட்டுப்பாட்டை எங்கே வைப்பது என்பதை, நெருக்கடி நேரத்தில் உடம்பின் எந்த உறுப்பு அசையும் என்று கேட்டு முடிவு செய்திருக்கிறார்கள். இன்றைய வடிவமைப்பாளர்களும் தொடங்க வேண்டிய கேள்வி அதுதான்.

1943-ல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும், சிலிண்டரைச் சுமந்தபடி நீருக்குள் மூச்சுவிட உதவும் அக்வாலங் கருவியை உருவாக்கியபோது முக்குளிப்பவர் குழாயிலிருந்து விடுதலை பெற்றார். ஆனால் மிதப்பைச் சரிசெய்யும் கருவி எதுவும் அதில் இல்லை. இடுப்பில் ஈயக்கட்டிப் பட்டை, காலில் துடுப்பு, பிறகு தன் மூச்சு, அவ்வளவுதான். 1961-ல் பிரான்சின் மோரிஸ் ஃபென்சி கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் காற்றுப் பையை அறிமுகப்படுத்தினார். அதை நிரப்ப ஒரு குட்டி சிலிண்டரும் உடன் இருந்தது. 1971-ல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் சட்டைபோல் அணியும் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தது. முக்குளிப்பவர்கள் இன்று பிசிடி என்று அழைக்கும் மிதவை ஜாக்கெட்டின் முன்னோடி அது. சிலிண்டரிலிருந்து வரும் காற்றை ஒரு பொத்தானால் உள்ளே விடலாம், இன்னொரு பொத்தானால் வெளியே விடலாம். இரண்டும் இடது தோளிலிருந்து தொங்கும் மடிப்புக் குழாயின் நுனியில் இருக்கும். இந்த அமைப்பு அப்படியே நிலைத்துவிட்டது.

ஓயாமல் மாறும் எடை

ஒரு தடவை சரிசெய்துவிட்டு மறந்துவிடக்கூடிய விஷயமாக மிதப்பு இருந்திருந்தால் பொத்தான் எங்கிருந்தாலும் கவலையில்லை. உண்மையில் அது ஒவ்வொரு நிமிடமும் மாறுகிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, வெளியே திறந்துவிட்டால் சுமார் 2,400 லிட்டர். அதன் எடை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முக்குளிப்பு முடியும் நேரத்தில் அந்த எடையில் பெரும்பகுதி குமிழிகளாக வெளியேறியிருக்கும். ஆள் அந்த அளவுக்கு இலேசாகியிருப்பார். நியோப்ரீன் உடையில் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள் ஆழத்தில் நசுங்கும், மேலே வரும்போது மறுபடி விரியும். ஆக, ஆழம் மாறும்போதெல்லாம் கை பொத்தானைத் தேடிப் போகிறது. பெரும்பாலும் வேறொரு வேலைக்கு நடுவில், அதைப் பார்க்காமலேயே போகிறது.

நீருக்கடியில் கை

தரையில், கடையில் நின்றபடி ஜாக்கெட்டை மாட்டிப் பார்க்கும்போது எல்லாப் பொத்தான்களும் கைக்குப் பக்கத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். நீருக்குள் நிலைமை வேறு.

முதலில் கண். முகமூடியின் கீழ் விளிம்பும் மூச்சுவிட வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்து கீழ்ப்பார்வையை மறைத்துவிடும். தன் மார்பில் என்ன இருக்கிறது என்பது முக்குளிப்பவருக்கே தெரியாது. நீரில் ஒளி விலகுவதால் பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். நீட்டிய கை கணக்குத் தவறும். நிறமும் உதவாது. சிவப்பு ஒளியை நீர் முதலில் விழுங்கிவிடுகிறது. பத்து மீட்டருக்குக் கீழே, விளக்கு இல்லாவிட்டால், சிவப்புப் பொத்தான் மங்கிய சாம்பல் அல்லது கருப்பாகத்தான் தெரியும். எச்சரிக்கைக்காகப் பூசிய நிறம், எச்சரிக்கை தேவைப்படும் இடத்தில் காணாமல் போகிறது.

அடுத்தது விரல். குளிர்ந்த கடல்களில் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கையுறை இல்லாமல் இறங்க முடியாது. கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு ஒரு பொத்தானின் விளிம்புக்கும் இன்னொன்றின் விளிம்புக்கும் வேறுபாடு தெரிவது கடினம். கைத்தோலின் வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் விரல்களின் நுண்ணிய அசைவு வெகுவாகக் குறைந்துவிடும். 30 மீட்டரை ஒட்டிய ஆழங்களில் நைட்ரஜன் மயக்கமும் சேர்ந்துகொள்ளும். யோசிப்பதும் முடிவெடுப்பதும் தாமதமாகும்.

மூன்றாவது, குழாயும் காற்றும். மடிப்புக் குழாய்க்குள் காற்று இருப்பதால் அது மிதக்கும். கட்டாமல் விட்டால் தோளுக்குப் பின்னால் நகர்ந்துபோகும். தேடும் கை மார்பில் துழாவிக்கொண்டிருக்கும். பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினால் மட்டும் காற்று வெளியேறிவிடாது. ஜாக்கெட்டுக்குள் காற்று எப்போதும் மிக உயரமான இடத்தில் போய் ஒதுங்கும். கிடைமட்டமாக நீந்துபவருக்கு அது முதுகில் இருக்கும். தலைகீழாக இறங்குபவருக்கு இடுப்புப் பக்கம் இருக்கும். தோளிலிருந்து தொங்கும் குழாய் வழியாக அதை வெளியேற்ற, உடம்பை நிமிர்த்தி, குழாயை உயர்த்திப் பிடித்து, அதன்பின் பொத்தானை அழுத்த வேண்டும். பதற்றத்தில் இருப்பவரிடம் மூன்று செயல்களை வரிசையாக எதிர்பார்க்கிறது இந்த அமைப்பு.

இதன் விளைவு வெறும் அசௌகரியத்தோடு நிற்பதில்லை. முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு மரணங்களை ஆராய்ந்தார்கள். ஆபத்தை உண்டாக்கிய நிலை தெளிவாகத் தெரிந்த மரணங்களில் 55 சதவீதத்தில் அவசரமாக மேலேறியதும் 13 சதவீதத்தில் மிதப்புச் சிக்கலும் காணப்பட்டன. இவை எல்லாவற்றுக்கும் பொத்தானைக் குற்றம் சொல்ல முடியாது. காற்றுத் தீர்ந்துபோனது அவற்றில் பலவற்றின் தொடக்கம். ஆனாலும், தான் ஏறும் வேகத்தைத் தன் கையால் கட்டுப்படுத்த முடிவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

விமானிகளிடமிருந்து ஒரு பாடம்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கியபின் ஓடுபாதையிலேயே வயிறு தட்டி விழுந்த சம்பவங்கள் நடந்தன. தரையிறங்கியதும் இறக்கை மடிப்பை உள்ளே இழுக்க வேண்டிய விமானி, அதற்குப் பதிலாகச் சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டார். உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் விமானி அறையைப் போய்ப் பார்த்தார். இரண்டு கட்டுப்பாடுகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி வடிவத்தில் இருந்தன. சக்கரக் கட்டுப்பாட்டின் நுனியில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும், மடிப்புக் கட்டுப்பாட்டில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். பார்க்காமலேயே, தொட்ட மாத்திரத்தில் எது எதுவென்று கை அறிந்துகொண்டது. தவறுகள் அடங்கின.

1947-ல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும், விமானிகளின் தவறு என்று முத்திரை குத்தப்பட்ட 460 நிகழ்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பாதியில் ஒரு கட்டுப்பாட்டை இன்னொன்றாக நினைத்து இயக்கியிருந்தது தெரியவந்தது. 1954-ல் ஃபிட்ஸ் இன்னொரு விதியையும் வகுத்தார். ஓர் இலக்கைத் தொடக் கைக்கு ஆகும் நேரம், அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. தொலைவு கூடினாலும் அளவு குறைந்தாலும் நேரம் கூடும்.

மிதவை ஜாக்கெட்டின் குழாய் நுனியை இந்தக் கண்ணோடு பாருங்கள். காற்றை உள்ளே விடும் பொத்தானும் வெளியே விடும் பொத்தானும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதை அழுத்தினால் ஏறுபவர் இன்னும் வேகமாக ஏறுவார். ஒவ்வொரு நிறுவனமும் பொத்தான்களின் வடிவத்தையும் இடத்தையும் தன் விருப்பப்படி அமைக்கிறது. வாடகை ஜாக்கெட் மாறும்போது கை மறுபடி பழக வேண்டியிருக்கிறது. நல்ல வடிவமைப்பில் இரண்டு பொத்தான்களும் தொட்டவுடன் வேறுபட வேண்டும்: ஒன்று நுனியில், மற்றது பக்கவாட்டில், ஒன்று குழிந்து, மற்றது மேடிட்டு, அழுத்துவதற்குத் தேவைப்படும் விசையும் வேறாக. நிறத்தைக் கூடுதல் உதவியாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பியிருக்கக் கூடாது.

எட்டும் தூரத்துக்குக் கொண்டுவருதல்

செலவே இல்லாத திருத்தங்களில் முதன்மையானது குழாயைக் கட்டி வைப்பது. குகைகளிலும் மூழ்கிய கப்பல்களிலும் இறங்கும் அனுபவசாலிகள், இடது மார்பில் இருக்கும் டி வளையத்தில் ஒரு சிறு நெகிழ்கயிற்று வளையத்தை மாட்டி, அதன் வழியே குழாயின் நுனியை நுழைத்துவிடுகிறார்கள். குழாய் எங்கும் மிதந்து போகாது; கை எப்போது போனாலும் அதே இடத்தில் இருக்கும். வாய்க்கு எட்டும் அளவுக்கு மட்டும் நீளமுள்ள குட்டைக் குழாயும் இதற்கு உதவும்.

குழாயைத் தூக்கிப் பிடிக்கும் தொல்லைக்கும் மாற்று உண்டு. பல ஜாக்கெட்டுகளில் குழாய்க்குள் ஒரு கம்பி ஓடும். குழாயைக் கீழ்நோக்கி இழுத்தால் தோளில் இருக்கும் வால்வு திறந்துகொள்ளும். நிமிர்ந்த நிலையில் இது விரைவான வழி. கிடைமட்டமாக நீந்தும்போதும் தலை தாழ்ந்திருக்கும்போதும் முதுகின் கீழ்ப்பகுதியில் இருக்கும் வால்வுதான் கை கொடுக்கும். அதன் கயிற்று நுனியில் இருக்கும் குமிழ் சிறியதாக இருந்தால் கையுறை விரலுக்கு அகப்படாது. பெரிய குமிழாக மாற்றிக்கொள்வது நல்லது. கயிற்றை மட்டும் நீளமாக்கக் கூடாது. தொங்கும் கயிறு பவளத்திலும் வலையிலும் சிக்கும், வால்வு தானாகத் திறந்துகொள்ளும்.

அக்வாலங் நிறுவனத்தின் ஐ3 ஜாக்கெட் வேறொரு பாதையில் போனது. தோள்குழாய்க்குப் பதிலாக, இடுப்பின் இடப்பக்கத்தில் ஒரு நெம்புகோல். மேலே தள்ளினால் காற்று உள்ளே வரும், கீழே தள்ளினால் வெளியேறும். வெளியேற்றும்போது மேலும் கீழும் இருக்கும் வால்வுகள் சேர்ந்தே திறப்பதால், உடம்பு எந்தக் கோணத்தில் இருந்தாலும் காற்றுக்கு வழி கிடைக்கும். கையின் அசைவும் அதன் விளைவும் ஒரே திசையில் இருப்பதால் குழப்பத்துக்கு இடம் குறைவு.

இப்படி இடம் மாற்றுவதில் ஒரு விலையும் இருக்கிறது. மயங்கிக் கிடப்பவரை மேலே கொண்டுவரும் துணை முக்குளிப்பாளர், பழக்கத்தில் இடது தோளைத்தான் தேடுவார். அங்கே குழாய் இல்லையென்றால் அவர் விலைமதிப்பற்ற நொடிகளை இழப்பார். ஆகவே கட்டுப்பாடு அணிந்திருப்பவரின் கைக்கு எட்டினால் மட்டும் போதாது. அவரைக் காப்பாற்ற வருபவரின் கைக்கும் எட்ட வேண்டும். புதிய அமைப்புள்ள ஜாக்கெட்டை அணிபவர், இறங்குமுன் துணையின் கையைப் பிடித்து நெம்புகோலின் மேல் வைத்துக் காட்டுவது கட்டாயம்.

எல்லாக் கைகளுக்கும்

இடது கை செயலிழந்தவருக்கு இடது தோள்குழாய் என்னவாகும்? வலது கையால் மார்பைக் கடந்து எட்ட வேண்டும். அதே கைதான் விளக்கையும் அழுத்தமானியையும் பிடிக்க வேண்டும். ஜிம் கேட்டக்கர் 1981-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஹாண்டிகேப்ட் ஸ்கூபா அசோசியேஷன், உடல் ஊனமுற்றவர்களுக்கு முக்குளிக்கக் கற்றுத்தரும் வழிகளை வகுத்தது. உடம்பின் எடை கால்களில் இல்லாத கடலில், சக்கர நாற்காலியில் இருப்பவர் மற்றவர்களுக்குச் சமமாக நகர்கிறார். குழாயை வலப்பக்கத்துக்கு மாற்றுவது, பிடிக்க எளிதான பெரிய குமிழ் வைப்பது, முழு உள்ளங்கையால் தள்ளக்கூடிய பொத்தானைப் பொருத்துவது போன்ற சிறு மாற்றங்கள் போதும், ஒருவர் பிறர் துணையை நம்பியிருக்காமல் தன் மிதப்பைத் தானே ஆள்வதற்கு. இந்த மாற்றங்கள் மற்றவர்களுக்கும் பயன்படுகின்றன. குளிரில் மரத்த விரலுக்கும் தடித்த கையுறைக்கும் வேண்டியது அதே பெரிய குமிழும் அதே தெளிவான பொத்தானும்தான். மிகவும் சிரமப்படும் கைக்காகச் செய்த கருவி எல்லாக் கைகளுக்கும் நன்றாக வேலை செய்யும்.

நீங்கள் செய்யக்கூடியவை

புதுச்சேரியிலோ அந்தமானிலோ முதல் முறையாக ஸ்கூபா பழகப் போகும் வாசகர்கள் மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தேவைக்கு மேல் ஈயம் கட்டாதீர்கள். கூடுதலாகக் கட்டிய ஒவ்வொரு கிலோவையும் சமன்செய்ய ஜாக்கெட்டில் கூடுதலாக ஒரு லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றுதான் ஏறும்போது விரிந்து தொல்லை தரும். சிலிண்டரில் 50 பார் மிச்சமிருக்கும்போது, ஜாக்கெட் காலியாக, 5 மீட்டர் ஆழத்தில் அசையாமல் நிற்க முடிந்தால் உங்கள் எடை சரி. சரியான எடையோடு இருப்பவர் சிறு ஏற்ற இறக்கங்களை மூச்சாலேயே சரிசெய்துகொள்வார். பொத்தானைத் தேடும் வேலையே பாதி குறையும்.

இரண்டு, நீரில் இறங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கருவிகளைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே விடும் பொத்தான், வெளியே விடும் பொத்தான், தோள் வால்வு, முதுகு வால்வு, எடையைக் கழற்றும் பிடி, பொத்தான் சிக்கிக்கொண்டால் காற்றுக் குழாயைப் பிரித்துவிடும் இணைப்பு. மின்வெட்டு நேரத்தில் சொந்த வீட்டில் சுவிட்சைக் கண்டுபிடிக்கும் கைபோல உங்கள் கை அவற்றிடம் நேராகப் போக வேண்டும். பிறகு உங்கள் துணையின் ஜாக்கெட்டிலும் அதையே செய்யுங்கள்.

மூன்று, வாடகை ஜாக்கெட்டில் குழாய் கட்டப்படாமல் தொங்கினாலோ வால்வின் குமிழ் காணாமல் போயிருந்தாலோ வாய்விட்டுக் கேளுங்கள். மாற்றித்தரச் சொல்வது உங்கள் உரிமை.

தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஜாக்கெட்டின் ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் கடைக் கண்ணாடி முன்னால் நிற்பவரைக் கொண்டு சோதித்தால் போதாது. கண் மறைக்கப்பட்டு, தடித்த கையுறை அணிந்து, ஒரு கையை மட்டும் பயன்படுத்துபவரைக் கொண்டும் நீருக்குள் சோதிக்க வேண்டும். பொத்தான்களின் இடத்துக்கும் வடிவத்துக்கும் எல்லா நிறுவனங்களும் ஒரே ஒழுங்கை ஏற்க வேண்டும். ஜாக்கெட்டில் எத்தனை லிட்டர் காற்று கொள்ளும் என்பதை அட்டையில் அச்சிடுகிறார்கள். அந்தக் காற்றை வேண்டிய நொடியில் வெளியேற்றும் பொத்தான் கைக்கு எட்டவில்லை என்றால் அந்த எண்ணால் யாருக்கும் பாதுகாப்பில்லை.